சாக்கு மூட்டைக்கு அடுத்த பாய்

மே மாதம் முடிகிற நேரம். அரபிக் கடலின் மேல் மேகம் திரண்டுவிட்டால் கன்னியாகுமரி மாவட்டத்துப் புதுக்கடை வட்டாரத்தின் அண்டி ஆபீஸ்களில், அதாவது முந்திரித் தொழிற்சாலைகளில், எல்லோருடைய கண்ணும் வானத்திலேயே இருக்கும். சிமென்ட் களத்தில் முந்திரிக்கொட்டை காய்ந்துகொண்டிருக்கிறது. ஐவரி கோஸ்ட், கானா, பெனின், கினி பிசாவு என்று எங்கெங்கோ விளைந்து, கப்பலேறி வந்து, துறைமுகத்திலிருந்து லாரியில் இங்கே சேர்ந்த கொட்டை. ஈரப்பதம் போகாமல் கிட்டங்கியில் அடுக்கினால் பூசணம் பிடிக்கும், பருப்பு கறுக்கும், ஒரு வருஷத்து முதல் போய்விடும். ஆகவே பரப்ப வேண்டும், பலகையால் தள்ளிப் புரட்டிப் போட வேண்டும், மாலையில் குவித்து மூட வேண்டும், மறுநாள் மறுபடியும் பரப்ப வேண்டும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் பிப்ரவரி முதல் ஜூன் வரை அறுவடை. அந்தக் கொட்டை இங்கே வந்து சேரும்போது தென்மேற்குப் பருவமழையும் கூடவே வந்துவிடுகிறது. விளவங்கோடு, கிள்ளியூர் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. முதல் தூறல் விழுந்ததுமே களத்தில் ஒரு கூச்சல் எழும். தார்ப்பாயை இழுக்க நாலு பேர், வாரிக் குவிக்க நாலு பேர், சாக்கில் அள்ளித் தைக்க இன்னும் சிலர். இரவு இரண்டு மணிக்கு மழை வந்தாலும் இதே ஓட்டம்தான்.

இரவு இரண்டு மணிக்கு ஓடி வர ஆள் எங்கே இருப்பான்? களத்துக்குப் பக்கத்திலேயே படுத்திருந்தால்தான் வர முடியும். அவனை மதிலுக்குள்ளேயே தங்க வைப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். அப்படித் தங்குகிறவர்கள் வெளிமாநிலத்தவர்கள். அசாம், ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் என்று எந்த ஊர்க்காரனானாலும் நம்மூரில் எல்லோருக்கும் 'பெங்காலி' என்று ஒரே பெயர். அந்தப் பெயருக்குள் அடங்கிப்போன மனிதர்கள் இந்தச் சீசனில் எப்படி வாழ்கிறார்கள் என்பதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை.

ஒரு நாள்

காலை ஐந்து மணிக்கு முன்பே கழிப்பறை வாசலில் வரிசை நிற்கிறது. இருபது பேருக்கு ஒன்று இரண்டு இருக்கிற இடத்தில் பிந்தி எழுந்தவனுக்கு அன்றைய நாள் அங்கேயே கெட்டுவிடும். குளியல் வெட்டவெளித் தொட்டியடியில். சமையலை முறைவைத்துச் செய்கிறார்கள். சோறு, பருப்பு, உருளைக்கிழங்கு, ஞாயிற்றுக்கிழமையானால் கோழி. தேங்காயெண்ணெய் மணக்கிற ஊரில் கடுகெண்ணெய்ப் புட்டிகளும் கடைகளுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. வந்தவர்கள் நம்மோடு கலந்ததற்கு நான் பார்த்த முதல் அடையாளம் அதுதான்.

ஏழரை, எட்டு மணிக்கு லாரி வந்துவிடும். ஒரு மூட்டை பெரும்பாலும் 80 கிலோ. பச்சை முந்திரி வணிகத்தின் கணக்கே 80 கிலோ மூட்டைதான். ஒரு மூட்டை உடைத்தால் எத்தனை பவுண்டு பருப்பு தேறும் என்பதை வைத்துத்தான் விலையே பேசுகிறார்கள். அந்த மூட்டையைச் சும்மாட்டின் மேலும் பிடரியின் மேலும் ஏற்றிக்கொண்டு பலகைச் சரிவில் இறங்கி, கிட்டங்கிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக ஆளுயரத்துக்கு மேல் அடுக்குகிறார்கள். அடுக்கு உயர உயர, கடைசி மூட்டைக்கு இருவர் கைகொடுத்து ஏற்ற வேண்டும். வளர்ந்த ஆண் ஒருவர் கையால் சுமக்கும் எடைக்கு 55 கிலோவை உச்சவரம்பாகச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. முந்திரி மூட்டை அதற்கு மேல் 25 கிலோ. பிடரியில் சாக்கு உரசி உரசிக் காய்த்த தோலைப் பார்த்தவர்களுக்கு அந்த 25 கிலோவின் பொருள் தெரியும்.

கிட்டங்கிக்குள் காற்று இல்லை. சாக்குத் தூசியும் கொட்டைத் தூசியும் மூக்கை அடைக்கின்றன. முந்திரித் தோட்டின் எண்ணெய் தோலைப் பொசுக்கக்கூடியது. உடைந்த கொட்டை சாக்கில் கசிந்திருந்தால் தோளில் படுகிற இடம் எரிந்து கறுக்கும். கொட்டையைத் தல்லி உடைக்கிற பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கையில் எண்ணெயும் சாம்பலும் தடவிக்கொண்டு அந்த எரிச்சலோடு வாழ்ந்தவர்கள். கறுத்த விரல் நுனியை வைத்தே ஒருத்தி அண்டி ஆபீசுக்குப் போகிறவள் என்று கண்டுபிடித்துவிடலாம் என்பார்கள் இந்தப் பக்கத்தில்.

மாலையில் வேலை விட்டதும் நிழல் தேடிச் சுவரோரம் உட்கார்ந்து செல்போனில் வீட்டோடு பேசுவதுதான் நாளின் நல்ல நேரம். பிறகு கொட்டகை. ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரை, ஒன்றிரண்டு மின்விசிறி, கயிற்றுக் கொடியில் துணி, பாய்கள். பல இடங்களில் கொட்டகைக்கும் கிட்டங்கிக்கும் நடுவில் ஒரு சுவர்தான் இருக்கிறது. சரக்கு நிறைந்து வழிகிற வாரங்களில் அந்தச் சுவரும் இல்லாமல், மூட்டைக்குப் பக்கத்திலேயே பாய் விரிக்க வேண்டியதுதான். ஓடு வேய்ந்து, கட்டில் போட்டு, நல்ல தண்ணீர்க் குழாய் வைத்து அறை கட்டிக் கொடுத்த முதலாளிகளும் இருக்கிறார்கள். அவர்களைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. ஆனால் ஒருவன் எங்கே படுப்பான் என்பது முதலாளியின் நல்ல மனதைப் பொறுத்தே இருக்கிறது என்பதுதான் என்னை உறுத்துவது.

சரக்கு தீர்ந்ததும் கொட்டகை காலியாகிவிடும். டான்சானியா, மொசாம்பிக் கொட்டை அக்டோபர் முதல் ஜனவரி வரை அறுவடையாகி அடுத்த சுற்றாக வரும். நடுவில் உள்ள நாட்களில் செங்கல் சூளை, கட்டட வேலை, மீன்பிடித் துறைமுகம் என்று போகிறார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கொட்டகை, ஒரு வரிசை.

எல்லைக்கு இந்தப்புறம்

இவர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்ற கேள்விக்கு, இந்தத் தொழில் ஏன் இங்கே வந்தது என்ற கேள்விதான் வாசல். முந்திரித் தொழிலின் தலைநகரம் கேரளத்தின் கொல்லம். அங்கே தொழிற்சங்கங்கள் வலுத்தன, அரசு குறைந்தபட்சக் கூலியை நிர்ணயித்தது, முதலாளிகள் கூலி குறைவான இடம் தேடினார்கள். எல்லைக்கு இந்தப்புறம் கன்னியாகுமரி மாவட்டம் கிடைத்தது. பேச்சு, உணவு, பழக்கவழக்கம் எல்லாம் பக்கத்துப் பக்கம். கூலிச் சட்டம் மட்டும் வேறு.

புதுக்கடைக்காரர்களுக்கு இந்த எல்லை ஏட்டில் படித்த வரலாறு அல்ல. திருவிதாங்கூரின் தமிழ்ப் பகுதிகள் தமிழகத்தோடு சேர வேண்டும் என்று நடந்த போராட்டத்தில் 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை சுட்டது, உயிர்கள் போயின. பட்டம் தாணுப்பிள்ளையின் அரசு பதவி விலக வேண்டும் என்று அவருடைய கட்சித் தலைவர்களில் ஒருவரான ராம் மனோகர் லோகியாவே கேட்டார். 1956 நவம்பர் 1 அன்று மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. மொழிக்காகவும் மரியாதைக்காகவும் இரத்தம் சிந்திப் பெற்ற எல்லையைக் கூலி மிச்சம் பிடிக்க வசதியான கோடாகச் சிலர் பயன்படுத்திக்கொண்டார்கள். எனக்கு இது இன்றும் ஆறாத விஷயம்.

உள்ளூர்ப் பெண்கள் பல பத்தாண்டுகள் இந்த ஆபீஸ்களைச் சுமந்தார்கள். அந்தக் கூலியில் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். படித்த பெண்கள் நர்சாக, ஆசிரியையாக, கணினி வேலைக்காக வெளியே போனார்கள். கறுத்த விரலை மகளுக்குக் கொடுக்க எந்த அம்மாவும் விரும்பவில்லை, விரும்பியிருக்கவும் கூடாது. காலியான இடத்துக்கு, முதலில் சுமைக்கும் களத்துக்கும், பிறகு உள்வேலைக்கும், ரயிலேறி ஆட்கள் வந்தார்கள்.

நாம் படுத்த பாய்கள்

வந்தவர்களைப் பற்றி முகம் சுளிப்பவர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: உங்கள் வீட்டில் கேம்ப்பில் படுக்காத ஆள் உண்டா?

வளைகுடாவுக்குப் போய் வந்தவர் இல்லாத தெரு இந்தப் பகுதியில் அரிது. துபாயின் சோனாப்பூரிலும் ஜெபல் அலியிலும் அடுக்குக் கட்டிலில் படுத்து, விடியுமுன் பேருந்தேறி, கிட்டங்கியில் பெட்டி அடுக்கி, அந்தப் பணத்தில் இங்கே வீடு கட்டியவர்கள் நம்மவர்கள். கட்டிலுக்குக் கீழே பெட்டியும், தலைமாட்டில் பிள்ளைகளின் படமும், ஒரே அடுப்புக்குக் காத்திருக்கும் எட்டுப் பாத்திரங்களும் என்னவென்று அவர்களுக்கு யாரும் விளக்க வேண்டாம்.

ஆண்கள் மட்டும் போகவில்லை. குஜராத்தின் வெராவல், போர்பந்தர், மும்பைக்கு அருகே தலோஜா ஆகிய இடங்களின் இறால் பதப்படுத்தும் கம்பெனிகளுக்குக் கேரளக் கடற்கரையிலிருந்தும் இந்தக் கடற்கரையிலிருந்தும் இளம்பெண்கள் கூட்டமாகப் போனார்கள். ஏஜென்ட் வீட்டுக்கு வருவார், முன்பணம் தருவார், ரயிலேற்றிவிடுவார். கம்பெனி மாடியிலோ மதிலுக்குள்ளோ தங்குமிடம். படகு எப்போது கரை சேர்கிறதோ அப்போதுதான் வேலை. நள்ளிரவில் இறால் லாரி வந்தால் நள்ளிரவில் எழுப்புவார்கள். ஐஸ் தண்ணீரில் மணிக்கணக்கில் கை, விரலிடுக்கில் புண், உரித்த எடைக்குக் கூலி. வெளியே போக அனுமதி வேண்டும். திருமணத்துக்கு நகை சேர்க்கப் போனவர்கள் அவர்கள்.

1997 ஆகஸ்டில் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் காரணம் காட்டி இந்திய மீன் பொருட்களை நிறுத்தி வைத்தது. அதன் பிறகு ஏற்றுமதிக் கூடங்களில் சுவருக்கு ஓடு பதித்தார்கள், தலைக்கு உறையும் கைக்கு உறையும் வந்தன, தண்ணீரைச் சோதித்தார்கள். இறாலைக் காப்பாற்ற விதி வந்தது. உரித்த பெண் எங்கே படுத்தாள் என்று எந்த ஐரோப்பிய ஆய்வாளரும் மாடியேறிப் பார்க்க விதி இல்லை.

2020ஐ மறக்க முடியுமா? ஊரடங்கு வந்ததும் குமரி மீனவர்கள் பலர் வெராவல் துறைமுகத்தில் படகிலேயே அடைந்து கிடந்தார்கள். ஈரானில் சிக்கியவர்களை மீட்க ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல் பந்தர் அப்பாஸ் போய், 687 பேரை ஏற்றிக்கொண்டு ஜூலை 1 அன்று தூத்துக்குடி வந்தது. அவர்களில் பெரும்பாலோர் தமிழக மீனவர்கள். வேலை நின்ற அன்று படகு வீடும் இல்லாமல் சிறையும் இல்லாமல் ஏதோ ஒன்றாக மாறியதை அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். அதே மாதங்களில் நம் மாவட்டத்துக் கொட்டகைகளிலும் ஊருக்குப் போக வழியின்றி வடக்கத்தியத் தொழிலாளர்கள் இருந்தார்கள்.

அமெரிக்காவின் கிட்டங்கிச் சீசன்

வேலையிடத்துக்குப் பக்கத்திலேயே படுக்கிற இந்த வாழ்க்கை பணக்கார நாட்டிலும் நடந்தது. 2008இல் அமெரிக்கப் பொருளாதாரம் சரிந்தபோது வீட்டையும் சேமிப்பையும் இழந்த முதியவர்கள் பலர் வேனையே வீடாக்கிக்கொண்டு சாலைக்கு வந்தார்கள். அதே காலத்தில் அமேசான் நிறுவனம் கிறிஸ்துமஸ் சீசனுக்காக 'கேம்பர்ஃபோர்ஸ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. கான்சாஸ் மாநிலத்தின் காஃபிவில், கென்டக்கியின் கேம்ப்பெல்ஸ்வில், நெவாடாவின் ஃபெர்ன்லி போன்ற ஊர்களில் கிட்டங்கிகள். அவற்றுக்கு அருகே வண்டி நிறுத்தித் தங்கும் முகாம்கள். முகாம் வாடகையை நிறுவனம் கட்டும். அறுபது, எழுபது வயதுக்காரர்கள் கையில் ஸ்கேனர் பிடித்து, பத்து மணி நேர ஷிப்டில் கான்கிரீட் தரையில் மைல் கணக்கில் நடந்து பொருள் எடுத்துக் கொடுத்தார்கள். வலி மாத்திரையை இலவசமாக எடுத்துக்கொள்ளச் சுவரில் பெட்டி வைத்திருந்தார்கள். கிறிஸ்துமஸ் நெருங்கியதும் வேலை முடிந்தது, வண்டிகள் கிளம்பின. அடுத்து எங்கோ முகாம் காவல், வடக்கு டகோட்டாவில் சர்க்கரை பீட்ரூட் அறுவடை. ஜெசிகா புரூடர் அவர்களோடு பயணம் செய்து 2017இல் எழுதிய 'நோமேட்லேண்ட்' நூல் குளோயி ஜாவ் இயக்கத்தில் படமாகி, 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது.

அந்த முதியவர்களுக்காக மனம் வலிக்கிறது. ஆனாலும் அவர்களிடம் ஒன்று இருந்தது. வண்டி அவர்களுடையது, சாவி அவர்கள் கையில். மண் மட்டும் அடுத்தவருடையது. களத்தோரக் கொட்டகையில் படுப்பவனுக்கு மண்ணும் இல்லை, கூரையும் இல்லை, பூட்டும் இல்லை. ஆள் கூட்டி வந்த மேஸ்திரியோடு ஒரு வாக்குவாதம் வந்தால் வேலை, படுக்கை, சமையல் பாத்திரம் மூன்றும் அதே இரவில் போய்விடும். கூலி குறைந்தது என்று கேட்கவோ, மூட்டை விழுந்து கால் நசுங்கியது என்று புகார் சொல்லவோ அவன் தயங்குவது கோழைத்தனத்தால் அல்ல. இரவில் படுக்க வேறு இடம் இல்லை.

சுவர் ஏறிக் குதித்த கேள்வி

தமிழகத்தில் இந்தப் பிரச்சினை ஒருமுறை நெடுஞ்சாலைக்கே வந்தது. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் தயாரிக்கும் ஃபாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி 150க்கும் மேற்பட்டோர் மருத்துவமனைக்குப் போனார்கள். பெண்கள் சாலையில் அமர்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் நின்றது. அவர்கள் போராடியது முதன்மையாகக் கூலிக்காக அல்ல, சோற்றுக்கும் படுக்கைக்கும். உலகம் அப்போதுதான் அந்த விடுதிகளின் உள்ளே எட்டிப் பார்த்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் அந்த ஆலையின் பெண்கள் 18,720 பேர் தங்கும் விடுதி வளாகத்தை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். 700 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. கேரளமும் பாலக்காடு கஞ்சிக்கோட்டில் வெளிமாநிலத் தொழிலாளருக்காக 'அப்னா கர்' என்ற விடுதியை 2019இல் திறந்தது. அரசு நினைத்தால் கட்டுகிறது. செல்போன் அடுக்குபவருக்கு ஒரு நீதி, முந்திரி அடுக்குபவருக்கு ஒரு நீதி என்று இருக்க முடியாது.

மாநிலங்களுக்கிடையே புலம்பெயரும் தொழிலாளருக்கான 1979ஆம் ஆண்டுச் சட்டம், தகுந்த தங்குமிடம் தருவது ஒப்பந்தக்காரரின் கடமை என்று வெளிப்படையாக எழுதியது. மாதக் கூலியில் பாதியை இடப்பெயர்வுப் படியாகவும், போக்குவரத்துச் செலவைத் தனியாகவும் தரச் சொன்னது. நாடெங்கும் பெரும்பாலான மேஸ்திரிகள் உரிமமே எடுக்காததால் அந்தச் சட்டம் தாளிலேயே கிழடாகிப்போனது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் அதன் இடத்தை எடுத்துக்கொண்டன. மேஸ்திரி இல்லாமல் தானாக வந்தவரும் இப்போது புலம்பெயர் தொழிலாளர் என்ற வரையறைக்குள் வருகிறார், அது நல்லது. இடப்பெயர்வுப் படி போய்விட்டது, அது இழப்பு. எந்த ஊரிலும் ரேஷன் வாங்க வழிசெய்யும் ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டத்தில் 2020 அக்டோபர் முதல் தமிழகமும் இருக்கிறது. ஆனால் ரேஷன் கடை திறந்திருக்கிற நேரத்தில் மூட்டை தூக்குபவன் களத்தில் இருக்கிறான்.

முதலாளிகள் சொல்வதையும் கேட்க வேண்டும். வியட்நாம் இயந்திரங்களை வைத்து விலையை இறக்குகிறது, கொட்டைக்கு இறக்குமதி வரி கட்ட வேண்டியிருக்கிறது, வங்கிக் கடன் கழுத்தை நெரிக்கிறது, பல ஆபீஸ்கள் பூட்டிக் கிடக்கின்றன. எல்லாம் உண்மை. ஆனால் கொட்டைக்கு அடியில் ஈரம் ஏறாமல் மரச்சட்டம் போடுகிறார்கள், சுவரிலிருந்து தள்ளி அடுக்குகிறார்கள், காற்றோட்டத்துக்குச் சந்து விடுகிறார்கள். அதே அக்கறை பத்தடி தள்ளிப் படுத்திருப்பவனுக்கும் வேண்டும் என்று கேட்பது தொழிலை மூடச் சொல்வதாகாது.

அளவுகோலை எங்கேயோ தேட வேண்டாம். ஐக்கிய அரபு அமீரகம் 2009இல் தொழிலாளர் தங்குமிடங்களுக்கு வகுத்த விதியில் ஒரு ஆளுக்குக் குறைந்தது 3 சதுர மீட்டர் இடம், அறைக்கு இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற வரம்பு எல்லாம் இருக்கின்றன. அந்த விதி பல கேம்ப்களில் காற்றில் பறந்ததை நம்மவர்கள் உடம்பால் அறிவார்கள். அதனாலேயே எது வேண்டும் என்று சொல்லும் தகுதி அவர்களுக்கு உண்டு. வளைகுடாவிலிருந்து திரும்பி இங்கே ஆபீஸ் நடத்துகிறவர்கள், வெளிமாநிலத்தவருக்கு அறை வாடகைக்கு விடுகிறவர்கள், பேரூராட்சியில் உறுப்பினராக இருக்கிறவர்கள், எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மேற்கு ஆப்பிரிக்கக் கொட்டையின் அடுத்த லாரிகள் வருவதற்குள், தொழிலாளர் துறையும் பேரூராட்சிகளும் ஆரம்ப சுகாதார நிலையமும் சேர்ந்து ஒவ்வொரு கொட்டகையாக நடந்து போய் எண்ணட்டும்: எத்தனை பேர், எத்தனை கழிப்பறை, எங்கே குடிநீர், கதவுக்கு உட்புறம் தாழ்ப்பாள் இருக்கிறதா. எண்ணியதைப் பேரூராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். குறைந்தபட்ச அளவுக்குக் கீழே உள்ள கொட்டகைக்கு, சரக்கு இறங்குவதற்கு முன்பே, சரிசெய்ய ஒரு தேதி குறித்துக் கொடுக்கட்டும்.